அடிக்காத அடிகள்

திருப்பூர் மாவட்டத்தில் அமராவதி ஆற்றங்கரையில் ஒரு தாராபுரம் இருக்கிறது. மன்னார்த் தீவில், மன்னார் நகரிலிருந்து தலைமன்னாருக்குப் போகும் வீதியில், இன்னொரு தாராபுரம் இருக்கிறது. இரண்டு ஊரிலும் தமிழ்தான். ‘செல் அடிக்குது’ என்று சொல்லிப் பாருங்கள். கொங்குத் தாராபுரத்தில் கேட்பவர் சட்டைப்பையைத் தடவி கைபேசியை எடுப்பார். மன்னார்ப் பக்கத்தில் போர்க்காலத்தைக் கண்டவர் ஒருவரின் காதில் அது முதலில் எறிகணையாகத்தான் விழும். ‘செல்லடி’ என்றால் வட இலங்கையில் பல ஆண்டுகள் ஒரே பொருள்தான்.

பெயர்ச்சொல் இரண்டு இடத்திலும் ஆங்கிலத்திலிருந்து வந்தது. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் எழுத்தும் ஒன்றே. அதைத் தாங்கி நிற்கும் வினையும் ஒன்றே. இந்தக் கட்டுரை அந்த வினையைப் பற்றியது. தமிழ்ப் பேச்சுவழக்கில், குறிப்பாகக் கொச்சையில், ‘அடி’யைப் போல உழைக்கும் சொல் வேறு இல்லை என்பது என் கணிப்பு. ‘போடு’வும் ‘விடு’வும் ‘பிடி’யும் போட்டிக்கு வரலாம், ஆனால் இத்தனை வகையாக வேலை செய்வதில்லை. (காலடியின் அடி, செய்யுளின் அடி, பன்னிரண்டு அங்குல அடி, ‘அடியே’ என்று கூப்பிடும் அடி ஆகியவற்றை இங்கே சேர்க்கவில்லை. அவை வேறு குடும்பம்.)

சாதாரண நாளில் சாதாரண வாயில் வரும் வாக்கியங்களைப் பாருங்கள். ‘நேத்து உனக்குப் போன் அடிச்சேன், நீ எடுக்கல்ல.’ ‘பெற்றோல் அடிச்சிட்டு வாறன்.’ ‘வா, பிளேன்டி ஒண்டு அடிப்பம்.’ ‘சும்மா இருந்து அலுப்படிக்குது.’ ‘கணக்குப் பாடத்துக்குக் கொப்பி அடிச்சவன்.’ இத்தனை அடி விழுந்தும் ஒருவருக்கும் காயமில்லை. தமிழகத்துக் கல்லூரி வாசலில் நின்றால் பட்டியல் வேறு மாதிரி ஓடும்: சைட் அடிப்பது, கட் அடிப்பது, பிட் அடிப்பது, தம் அடிப்பது, தண்ணி அடிப்பது, ஜால்ரா அடிப்பது, பல்டி அடிப்பது, கமெண்ட் அடிப்பது, போர் அடிப்பது. வேறொரு மொழிக்காரர் இதை அகராதி வைத்துப் படித்தால் தமிழர்கள் விடிந்தால் அடைந்தால் கைகலப்பில் இருப்பவர்கள் என்றே எண்ணுவார்.

இந்தத் தொடர்களைப் பற்றி வழக்கமாக எழும் புகார் ஒன்று உண்டு. இவை தமிழைக் கெடுக்கின்றன, ஆங்கிலச் சொற்கள் புகுந்துவிட்டன என்பது. புகார் சொல்பவர்கள் சைட், கட், பிட், போர் என்று பெயர்ச்சொற்களை மட்டும் எண்ணுகிறார்கள். எனக்கு இந்த எண்ணிக்கையில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அந்தச் சொற்கள் எதுவும் தமிழில் தன் காலில் நடக்கவில்லை. காலம், இடம், எதிர்மறை, மரியாதை எல்லாவற்றையும் ‘அடி’ சுமக்கிறது: அடிச்சான், அடிக்கல்ல, அடிக்காதீங்க, அடிச்சிருக்கலாம். வந்த விருந்தாளி உட்கார்ந்திருக்கிறார், வீட்டுக்காரர்தான் ஓடியாடுகிறார். மொழியியலில் இத்தகைய வினையை வினையாக்கி என்பார்கள். மொழியியலாளர் ஹெரால்ட் ஷிஃப்மன் 1999இல் வெளியிட்ட பேச்சுத் தமிழ் இலக்கணத்தில் இதற்குத் தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறார். எழுத்துத் தமிழின் இலக்கணம் கூச்சப்பட்டு ஒதுக்கியதை அயல்நாட்டுக்காரர் ஒருவர் அட்டவணை போட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

‘அடி’ எப்போதுமே இப்படி இல்லை. சங்க நூல்களில் பறையை அறைவார்கள், முரசை எறிவார்கள். இன்று பறை அடிக்கிறோம், மணி அடிக்கிறோம். ‘அறை’ சுருங்கிச் சுருங்கிக் கன்னத்திலும் ஆணியிலும், கத்தோலிக்கர் நிறைந்த மன்னாரில் சிலுவைப் பாதை வழிபாட்டிலும் ஒதுங்கிவிட்டது. ‘எறி’ கல்லோடும் பந்தோடும் நின்றுவிட்டது. அவை விட்ட இடத்தை எல்லாம் ‘அடி’ எடுத்துக்கொண்டது. முரசிலிருந்து முத்திரைக்கு வந்தது: சீல் அடி. முத்திரையிலிருந்து அச்சுக்கு: நோட்டீஸ் அடி, கலியாணக் காட் அடி. அச்சிலிருந்து காசுக்கு: 2022 நெருக்கடியின்போது இலங்கையில் பொருளாதாரம் படிக்காதவரும் ‘அரசாங்கம் காசடிக்குது, அதுதான் விலை ஏறுது’ என்று சொன்னார்கள். மத்திய வங்கி விளக்க நாலு பக்கம் எடுத்த விஷயம் அது.

இன்னொரு கிளை காற்றிலிருந்து புறப்படுகிறது. மன்னார்த் தீவில் காற்று என்பது வானிலை அறிக்கையில் வரும் சங்கதி மட்டும் இல்லை, அது தொழில். தென்மேற்குக் காற்றான சோளகம் அடித்தால் ஒரு கரையில் கடல் கொந்தளிக்கும், வடகிழக்குக் காற்றான வாடை அடித்தால் மறுகரையில். படகை எந்தப் பக்கத்தில் இறக்குவது, எப்போது ஏற்றுவது என்பதைக் காற்றுத்தான் தீர்மானிக்கிறது. 2020 டிசம்பரில் தீவின் தென்கரையில் திறக்கப்பட்ட ‘தம்பபவனி’ காற்றாலையில் 30 சுழலிகள் நிற்கின்றன, மொத்தத் திறன் 103.5 மெகாவாற். இப்போது காற்றடித்தால் மின்சாரமும் வருகிறது. காற்று, வெயில், அனல், புழுதி, மணம், நாற்றம் எல்லாம் தமிழில் அடிக்கின்றன. இந்த வாக்கியங்களில் அடிப்பவர் என்று ஆள் இல்லை, படுபவர் மட்டுமே உண்டு. ‘எனக்குக் காய்ச்சல் அடிக்குது’, ‘எனக்கு அலுப்படிக்குது’, ‘எனக்குப் போர் அடிக்குது’ எல்லாம் இந்த அச்சில் வார்த்தவை. சலிப்பு நம்மிடம் அனுமதி கேட்டு வருவதில்லை, வெயிலைப் போல மேலே விழுகிறது. அதே ‘போர்’ எழுவாயை மாற்றிக்கொண்டால் பொருளும் மாறும்: ‘அவன் சரியாப் போர் அடிப்பான்’ என்றால் அவனே வெயில்.

போரடித்தலுக்குப் பழைய பொருள் ஒன்று இருப்பது எல்லோருக்கும் தெரியும். கதிர்க்குவியலான போரை அடித்து நெல்லைப் பிரிப்பது. ஆங்கிலச் சலிப்பு தமிழுக்கு வந்தபோது கதவு ஏற்கெனவே திறந்திருந்தது போலும். ஈழத்தில் அந்தக் கதவே இல்லை. இங்கே கதிர்க்குவியலுக்குச் சூடு என்று பெயர், அடிப்பது சூடடிப்பு. மன்னார்ப் பெருநிலத்தில் கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல்களில் இன்றும் சூடடிப்பு என்றுதான் சொல்கிறார்கள், எந்திரம் வந்து அடித்தாலும். ஆக, இங்கே ‘போர் அடிக்குது’ வானொலி, சினிமா வழியாக வந்து சேர்ந்த புதுச் சரக்கு, ‘அலுப்படிக்குது’ உள்ளூர்ச் சரக்கு. இரண்டும் ஒரே வாயில் வாழ்கின்றன.

மூன்றாவது கிளை பீய்ச்சுவது, தெளிப்பது. வயலுக்கு மருந்தடிப்பது, சுவருக்குப் பெயின்ட் அடிப்பது, சைக்கிளுக்குக் காற்றடிப்பது, சட்டைக்குச் சென்ட் அடிப்பது, இருட்டில் ரோச் அடிப்பது. பெற்றோல் அடிப்பது இந்தக் கிளையில் காய்த்தது. தமிழ்நாட்டில் பெரும்பாலும் பெட்ரோல் ‘போடுகிறார்கள்’, இலங்கையில் அடிக்கிறார்கள். சிங்களத்திலும் பெற்றோலைக் ‘கஹனவா’, அதாவது அடிப்பதுதான். 2022இல் வரிசையில் நின்று கியூஆர் அட்டையைக் காட்டி அடித்த நாட்களில் இந்தத் தொடர் இலங்கைத் தமிழரின் வாயில் எத்தனை ஆயிரம் முறை வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ‘அடிச்சாச்சா?’ என்று ஒற்றைச் சொல்லில் கேட்டாலே போதும், எதை என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. மன்னார்க் கடற்றொழிலாளருக்குப் பெற்றோலைவிட மண்ணெண்ணெய்தான் முக்கியம், வெளியிணைப்பு எந்திரம் அதில் ஓடுகிறது. அந்த ஆண்டு ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே தாவாகத் தாவியது. ‘எண்ணெய் அடிச்சுக் கட்டுப்படியாகாது’ என்ற வாக்கியம் எந்தக் கரையிலும் கேட்கக் கூடியதாக இருந்தது.

நான் அதிக நேரம் நிற்க விரும்புவது போன் அடிப்பதில். தமிழ்நாட்டில் போன் ‘பண்ணுவது’ வழக்கம், இலங்கையின் வடக்கிலும் மேற்கிலும் போன் ‘அடிப்பது’ வழக்கம். பேசுவதற்கான கருவியை ஏன் அடிக்க வேண்டும்? இதற்கு முன்னால் தந்தி அடித்தார்கள் என்பதை நினைத்தால் விடை கிடைக்கிறது. தந்தியை அதன் விசைக் கட்டையைத் தட்டித் தட்டித்தான் அனுப்பினார்கள், அங்கே அடி உண்மையான அடி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையையும் இந்தியாவையும் இணைத்த தந்திக் கம்பி மன்னார்த் தீவைத் தொட்டுத்தான் கடலில் இறங்கியது. இந்தக் கரைக்குத் தந்தி புதிய சங்கதி இல்லை. பிறகு வந்த தொலைபேசியில் மணி அடித்தது. மணியை அடிக்கச் செய்தவர் போன் அடித்தவர் ஆனார். பிறகு தட்டச்சு, ரைப் அடிப்பது. பிறகு குறுஞ்செய்தி: மெசேஜ் அடிப்பது. இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் மூடப்பட்டது. கட்டை போய், மணி போய், விசைப்பலகையின் விசையும் போய், இப்போது கண்ணாடியை விரல் நுனியால் வருடுகிறோம். அதையும் ‘மெசேஜ் அடி’ என்கிறோம். கருவி நான்கு முறை மாறியும் வினை மாறவில்லை.

பருகுவதும் புகைப்பதும் தனிக் கிளை. தண்ணி அடிப்பது இரண்டு நாட்டிலும் உண்டு. போதையேறிய ஆளைத் தமிழ்நாடு ‘போதையில் இருக்கிறான்’ என்னும், ஈழம் ‘வெறி’ என்று ஒரு சொல்லில் முடிக்கும். மன்னார்த் தாராபுரம் முஸ்லிம்களின் ஊர், அங்கே இந்தத் தொடர் பெரும்பாலும் பிறரைக் குறை சொல்லவே வரும். ஆனால் தொடரின் அச்சு மட்டும் பிளேன்டி என்னும் பாலில்லாத் தேநீருக்கு வந்துவிட்டது, குளிர்பானத்துக்கும் வந்துவிட்டது. நின்றபடி, பேச்சுக்கு நடுவில், ஒரு மூச்சில் குடித்துவிட்டுப் போவதுதான் அடிப்பது. வீட்டில் உம்மா கொடுக்கும் தேநீரை யாரும் ‘அடிப்பதில்லை’, குடிக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் கேள்வியின் முடிச்சு இருக்கிறது. எதை அடிக்கலாம், எதை அடிக்கக் கூடாது? நோன்பைப் பிடிக்கிறார்கள், குர்ஆனை ஓதுகிறார்கள், பூசை செய்கிறார்கள், கலியாணம் கட்டுகிறார்கள். இவற்றில் எதிலும் ‘அடி’ ஒட்டாது, ஒட்டவைத்தால் கேலியாகிவிடும். கோயிலில் மொட்டை அடிப்பது விதிவிலக்கு, அங்கே கத்தியின் வேலை கண்முன் தெரிகிறது. ஆகவே ‘அடி’ அற்பமான செயல்களுக்கு உரிய வினை, விளையாட்டுத்தனத்தின் முத்திரை என்று சொல்பவர்கள் உண்டு. சைட், கட், அரட்டை, ஜால்ரா, பல்டி ஆகியவற்றை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கமெண்டும் சாட்சி சொல்லும்: தெருவில் போகும் பெண்ணைப் பார்த்துச் சொல்லும் சீண்டலைக் கமெண்ட் ‘அடிப்பது’ என்பார்கள், முகநூலில் எழுதும் கருத்தைக் கமெண்ட் ‘போடுவது’ என்பார்கள்.

வடக்கின் போர்க்காலச் சொற்களைப் பார்த்தால் இந்த விளக்கம் நிற்காது. செல் அடித்தார்கள், ஹெலி அடித்தது, 1996இல் இலங்கை விமானப்படைக்கு வந்த கிபிர் விமானங்கள் அடித்தன. ‘ஆமி அடிச்சுக்கொண்டு வாறான்’ என்றால் படை முன்னேறுகிறது. இரண்டு தரப்பும் மோதுவது ‘அடிபாடு’. 2007, 2008இல் மன்னார்ப் பெருநிலத்து அடம்பன், மடுப் பக்கங்களில் நடந்ததற்கு மக்கள் வாயில் இருந்த பெயர் அதுதான். இதில் விளையாட்டு எங்கே இருக்கிறது? பள்ளிக்கூடத்துச் சண்டைக்கும் ‘பிள்ளையள் அடிபடுகினம்’ என்றே சொன்னார்கள், இராணுவ நடவடிக்கைக்கும் ‘அடிபாடு’ என்றே சொன்னார்கள். தமிழ்நாட்டுக்காரர் இங்கே தடுமாறுவார். அவருக்கு ‘அடிபடுவது’ என்றால் காயம்படுவது, அல்லது ஒருவர் பெயர் பேச்சில் உருள்வது. ‘உங்க பையன் பள்ளிக்கூடத்தில் அடிபட்டான்’ என்பதைக் கேட்டு ஒரு தாய் மருத்துவமனைக்கு ஓடுவாள், இன்னொரு தாய் பள்ளி அதிபரிடம் மன்னிப்புக் கேட்க ஓடுவாள்.

பருகும் தேநீரையும் விழும் எறிகணையையும் ஒரே வினை தாங்க வேண்டுமானால் அவற்றுக்குப் பொதுவாக ஏதோ இருக்க வேண்டும். எனக்குத் தோன்றுவது இது: ‘அடி’ கொச்சையில் செயலின் வன்மையைச் சொல்லவில்லை, அற்பத்தனத்தையும் சொல்லவில்லை. சடங்கு இல்லாமல், முன்னறிவிப்பு இல்லாமல், ஒரே வீச்சில் நடந்து முடிவதைச் சொல்கிறது. போன் அப்படித்தான் வருகிறது, செல்லும் அப்படித்தான் வந்தது. நோன்புக்கு நிய்யத்து என்னும் மன உறுதி வேண்டும், கலியாணத்துக்கு நாள் பார்க்க வேண்டும், அவற்றை ‘அடிக்க’ முடியாது. ‘அடி’ ஒட்டாத இன்னொன்றும் இந்தக் கரையில் உண்டு: 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை ஊரைவிட்டுத் துரத்தினார்கள். மன்னார்த் தீவின் முஸ்லிம் ஊர்கள் சில நாட்களில் காலியாயின, பலர் கடல்வழியாகக் கற்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்த நிகழ்வுக்கு மக்கள் வைத்திருக்கும் பெயர் ‘வெளியேற்றம்’. பேச்சுத் தமிழ் எழுத்துத் தமிழிடம் கடன் வாங்கிய கனமான பெயர்ச்சொல் அது. ஒலிபெருக்கியில் அறிவித்து, காலக்கெடு வைத்து, பொருளைப் பறித்துச் செய்த காரியத்துக்கு ‘அடி’ பொருந்தவில்லை என்பது என் விளக்கத்துக்கு ஒரு துணை. முழுச் சான்று என்று வற்புறுத்த மாட்டேன்.

அந்தப் பெயர்வுக்குப் பேச்சுவழக்கிலும் ஒரு பங்கு உண்டு. புத்தளம் மாவட்டத்து முகாம்களில் இருபது ஆண்டுகள் வளர்ந்த தலைமுறை சிங்களத்தோடு நெருங்கிப் பழகியது. சிங்களத்தின் ‘கஹனவா’ ஏறக்குறைய ‘அடி’யின் இரட்டைப் பிள்ளை. பெற்றோல், போட்டோ, கொப்பி, சாராயம் எல்லாவற்றையும் அவர்களும் அடிக்கிறார்கள். தமிழில் கேட்ட தொடரைச் சிங்களத்தில் சொல்வதற்கும், சிங்களத்தில் கேட்டதைத் தமிழில் சொல்வதற்கும் இங்கே எந்த முயற்சியும் தேவையில்லை. யார் யாரிடம் வாங்கினார்கள் என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை, ஏனென்றால் வரைபடத்தை விரித்தால் எல்லாப் பக்கத்திலும் அடி விழுகிறது. மலையாளத்தில் போர் அடிக்கிறது, லாட்டரி அடிக்கிறது, ‘அடிபொளி’ என்றால் பிரமாதம். தெலுங்கில் ‘கொட்டு’, கன்னடத்தில் ‘ஹொடி’, இந்தியில் ‘மார்னா’: இந்தியில் கண்ணையும் மாருவார்கள், லைனும் மாருவார்கள். பாரசீகத்தில் ‘ஸதன்’ என்றால் அடிப்பது. தொலைபேசியை ஸதன் செய்கிறார்கள், பல் தேய்ப்பதும் பேசுவதும்கூட ஸதன்தான். மலாய்க்காரர் நேரம் கேட்பதே ‘புக்குல் பெராப்பா’, எத்தனை அடித்திருக்கிறது என்று.

தமிழ்நாட்டுக் கொச்சை இந்தக் கரைக்கு வந்த வழியும் அவ்வளவு மர்மமானதில்லை. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே சுமார் 30 கிலோமீற்றர்தான். 1914இலிருந்து போட் மெயில் ரயிலும் கப்பலும் ஆட்களை ஏற்றி இறக்கின. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகும் இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் எண்பதுகளின் தொடக்கம்வரை ஓடியது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைத் தமிழ்நாடு காதுகொடுத்துக் கேட்டது, பிறகு தமிழ்நாட்டுச் சினிமாவும் தொலைக்காட்சியும் எதிர்த்திசையில் வந்தன. இருந்தும் எல்லாம் வந்து தங்கவில்லை. ‘சைட் அடிக்கிறது’ எல்லோருக்கும் புரியும், ஆனால் வடக்கில் பெண்ணைச் சுற்றி வருபவன் ‘சுழட்டுறான்’. காப்பி அடிப்பது புரியும், ஆனால் பரீட்சையில் கொப்பிதான் அடிக்கிறான். இலங்கையில் கொப்பி என்றால் பயிற்சிப் புத்தகமும்கூட. தமிழ்நாட்டில் அந்தத் தொடர் காலையில் குடிக்கும் காப்பியோடு குழம்பும் வாய்ப்புண்டு, இங்கே அந்தக் குழப்பம் இல்லை.

அகராதிக்காரர்களுக்கும் இந்த வினை கஷ்டம் கொடுக்கிறது. 1924இலிருந்து 1936வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி பெரும்பாலும் இலக்கியத்தில் கிடைத்ததை வைத்துக் கட்டப்பட்டது, தெருவின் ‘அடி’ அதன் காதில் அரைகுறையாகத்தான் விழுந்தது. எழுத்தாளர் கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டார வழக்குகளைத் தொகுத்துக் கொடுத்தது, பேச்சுச் சொல்லுக்கும் அகராதி வைக்கலாம் என்ற தைரியத்தைப் பலருக்குக் கொடுத்தது. 1992இல் முதலில் வந்த ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ நிலைமையை மாற்றியது. 2008, 2020 பதிப்புகளில் இலங்கை வழக்குகளையும் தனிக் குறியீட்டோடு சேர்த்துக்கொண்டது. ஆனாலும் இந்தத் தொடர்களை எங்கே பதிவது என்ற சிக்கல் தீராது. ‘போன் அடி’ போனின் கீழா, அடியின் கீழா? அடியின் கீழ் என்றால் பட்டியலுக்கு முடிவே இல்லை, நாளைக்கு வரும் பெயர்ச்சொல்லும் அங்கே வந்து நிற்கும். என்னைக் கேட்டால் தொடர்களைச் சேகரிப்பதைவிட அச்சுகளைப் பதிவது மேல்: பீய்ச்சும் அடி, மேலே விழும் அடி, ஒரே மடக்கில் முடியும் அடி, சத்தம் எழுப்பும் அடி. அச்சு தெரிந்தால் தொடரைப் படிப்பவரே ஊகித்துக்கொள்வார், கொச்சை பேசும் பிள்ளைகள் அப்படித்தான் ஊகிக்கிறார்கள்.

இந்த வினைக்கு எல்லா இடமும் திறந்திருக்கிறது என்று எண்ண வேண்டாம். பத்துப் பதினைந்து ஆண்டுகளாக வந்து இறங்கும் சொற்களில் பெரும்பாலானவை ‘பண்ணு’விடமும் ‘போடு’விடமும் போகின்றன. ஷேர் பண்ணுகிறார்கள், ஸ்கேன் பண்ணுகிறார்கள், ஸ்டேடஸ் போடுகிறார்கள், லைக் போடுகிறார்கள். போன் அடிப்பதற்குப் பக்கத்திலேயே ‘கோல் எடுக்கிறது’ வந்து உட்கார்ந்துவிட்டது, இளையவர்கள் வாயில் அதுதான் முந்துகிறது. மின்கலத்தில் ஓடும் வாகனங்களும் வீதிக்கு வந்துவிட்டன. அவற்றுக்குச் சார்ஜ் போடுகிறார்கள், அடிப்பதில்லை. அங்கே பீய்ச்ச எதுவும் இல்லை, ஒரு மடக்கில் முடிவதும் இல்லை, மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.